நான்காவது கொப்புளம்

நேற்று இடது குதிகாலில் நான்காவது கொப்புளம் வந்திருக்கிறது. முதல் மூன்றும் விரல்களில் வந்து காய்ந்துவிட்டன. மார்பகப் புற்றுநோய்க்காக நிதி திரட்டும் நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மூன்று நாள், மொத்தம் 96 கிலோமீட்டர். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

பெயர் கொடுத்த அன்று கணக்கு மிக எளிதாகத் தெரிந்தது. நாளுக்கு 32 கிலோமீட்டர், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம், ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வயதிலிருந்து நடந்துகொண்டுதானே இருக்கிறேன், இதற்கென்ன பயிற்சி? முதல் நீண்ட நடையில், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அந்தத் திமிர் இறங்கிவிட்டது.

குற்றவாளி பருத்தி சாக்ஸ். உடலுக்குப் பருத்திதான் நல்லது என்று நம்பி வளர்ந்தவள் நான். அது வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்கிறது. ஊறி மெத்தென்றான தோலில் ஷூ உராய, மேல்தோல் பிரிந்து நடுவே நீர் கோத்துக்கொள்கிறது. செயற்கை இழை சாக்ஸுக்கு மாறினேன். நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் ஷூவையும் அரை அளவு பெரிதாக வாங்கினேன். விரல்கள் பிழைத்தன, குதிகால் வழுக்கத் தொடங்கியது. நான்காவது கொப்புளத்தின் வரலாறு இதுதான். இப்போது கணுக்காலை ஒட்டிய கடைசித் துளைவரை கயிற்றைக் கோத்து இறுக்கிக் கட்டுகிறேன்.

நடையைவிடக் கடினம் பணம் கேட்பது. என் முதல் கடிதம் ஓர் அறிக்கை போல இருந்தது: 2022இல் உலகம் முழுவதும் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது, 6,70,000 பேர் இறந்தார்கள். முப்பது பேருக்கு அனுப்பினேன், இரண்டே பதில்கள். அதில் ஒருவர், ஆண்களுக்கும் வருமா என்று கேட்டிருந்தார். வரும், இந்நோய் வருபவர்களில் நூறில் ஒருவரோ அதற்கும் குறைவோ ஆண்கள். பதில் எழுதினேன், பணமும் அனுப்பினார். அடுத்த கடிதத்தில் எண்களை எடுத்துவிட்டு என் கால்விரல்களின் நிலவரத்தை எழுதினேன். பதினொரு பேர் கொடுத்தார்கள். மனிதர்களை என்ன சொல்ல!

அந்தக் கடிதத்திலும் அக்காவைப் பற்றி எழுதவில்லை. எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. இங்கே கொஞ்சம் எழுதிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு கீமோதெரபி. அதில் பாக்லிடாக்செல் என்ற மருந்து நரம்பு நுனிகளைத் தாக்கியதில் அவள் பாதங்கள் மரத்துப்போயின. பலருக்கு இது மெல்லச் சரியாகிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். அவளுக்குத் தங்கிவிட்டது. கல் குத்தினாலும் தெரியாது. அதனால் தினமும் இரவில் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்கால்களைப் பார்ப்பாள். வீட்டுக் கணக்கு பார்ப்பதுபோல, ஒரு சலனமும் இல்லாமல்.

நான் கொப்புளத்தைக் காட்டிப் புலம்பினால் அவள் அனுதாபப்படுவதில்லை. "எப்படி வலிக்கிறது, எரிச்சலா, குத்தலா? எந்த இடத்தில் தொடங்குகிறது?" என்று விசாரிக்கிறாள். மறந்துபோன ஊருக்கு வழி கேட்பவள்போல.

மூன்றாம் நாளின் கடைசி மூன்று கிலோமீட்டரை என்னோடு நடக்கப்போகிறாளாம். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும், சரளைக்கல் பாதையில் போகக் கூடாது என்று சொல்லி மருத்துவர் சம்மதித்துவிட்டார். என் அட்டவணையில் இந்த வாரம் சனிக்கிழமை 24, ஞாயிற்றுக்கிழமை 19. களைத்த கால்களோடு மறுநாளும் எழுந்து நடக்கப் பழகுவதற்காகத்தான் இந்த அடுத்தடுத்த நாள்கள். ஞாயிறன்று கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு அவளும் வருகிறாள்.

அதற்காக நேற்று மாலை அவளுக்கு ஷூ வாங்கப் போனோம். காலையில் வாங்கினால் மாலையில் இறுக்கும் என்ற என் புதிய ஞானத்தின்படி மாலையில்தான். கடைப் பையன் மாட்டிவிட்டு, "விரல் இடிக்கிறதா?" என்று கேட்டான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஷூவின் முனையை அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் நுனி முட்டிக்கொண்டிருந்தது.

"இதற்கு அடுத்த அளவு கொடுங்கள்" என்றேன்.