விளையில் இருக்கும் அறிவியல்

வேளாண் சூழலியல் என்றாலே பஞ்சகவ்யா, மண்புழு உரம் என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. முதலில் அது ஓர் அறிவியல். ரஷ்யாவைச் சேர்ந்த வேளாண் அறிஞர் பேசில் பென்சின் 1928-லேயே அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். 1935-ல் பிரிட்டிஷ் தாவரவியல் அறிஞர் டான்ஸ்லி, உயிர்களையும் அவற்றின் சூழலையும் ஒன்றாகப் பார்க்கும் ‘சூழல் மண்டலம்’ (ecosystem) என்ற கருத்தை முன்வைத்தார். மண், நீர், பூச்சி, களை, உழைக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்ததுதான் வயல் என்று பார்க்க அது வழிவிட்டது.

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் இருக்கும் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், தென்னை, அயனி மரத்தில் படரும் நல்லமிளகு, ஊடே மட்டி வாழை, நிழலில் சேனையும் காச்சில் கிழங்கும். “எல்லாத்தையும் வெட்டிட்டு ரப்பரை வையுடே” என்பார் பக்கத்து விளை அண்ணன்.

சரி, கணக்குப் பார்ப்போம். தென்னையை 7.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு மரத்துக்கு 56 சதுர மீட்டர் நிலம். வேர்களில் பெரும்பகுதி தூரிலிருந்து 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த வட்டம் 12.5 சதுர மீட்டர்தான். மீதி முக்கால் பங்கு மண்ணைத் தென்னை அவ்வளவாகத் தொடுவதில்லை. முற்றிய தென்னைக்குக் கீழே வெயிலும் நன்றாக இறங்கும். ஆளுக்கொரு ஆழம், ஆளுக்கொரு உயரம் என்று பிரித்துக்கொண்டால் போட்டி குறையும். சூழலியலின் அடிப்படைப் பாடங்களில் இது ஒன்று. நம் பாட்டிமார் இதைப் படித்துவிட்டு நடவில்லை. ஆனால் நட்டிருக்கிறார்கள். மெக்சிகோவில் எர்னாண்டஸ் ஷோலோகோட்சி என்ற தாவரவியல் அறிஞர் இப்படிப்பட்ட உழவர்களின் வழக்கத்தைத்தான் அறிவாக மதித்து ஆராய்ந்தார். அங்கிருந்துதான் இந்தத் துறைக்குப் பாதி பலம் வந்தது என்பேன்.

அப்புறம் பிரிட்டிஷ் சூழலியல் அறிஞர் கோர்டன் கான்வே. ஒரு வேளாண் மண்டலத்தை விளைச்சலை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது. நிலைத்தன்மை, நீடித்திருக்கும் திறன், பலன் பங்கிடப்படும் விதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று 1980-களில் எழுதினார். 2017 ஒக்கிப் புயலில் மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் சாய்ந்தன. எங்கள் வாழையும் தப்பவில்லை. மண்ணுக்குள் கிடந்த காச்சிலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவித்துத் தின்றோம்.

நான்காவதான பங்கீட்டைத்தான் நம் ஊரில் யாரும் அளப்பதில்லை. ரப்பர் ஷீட் விற்ற பணம் பெரும்பாலும் ஆண்கள் கையில் போய்ச் சேருகிறது. சேனையும் மிளகும் விற்ற காசு எங்கள் வீட்டில் அம்மா கையில் இருக்கும். ரப்பருக்கு மானியம் கணக்கிடுகிறவர்கள் அந்தக் காசையும் ஒரு வரியாக எழுத வேண்டும்.