வேலிக்கு அந்தப் பக்கம்: ஒரு டெக்சாஸ் வழக்கின் நாட்குறிப்பு

மார்ச் 30, 2025, ஞாயிறு

சித்தப்பா மகன் நேற்று இரவு ஜெயிலில் இருந்தான். ஆஸ்டினுக்கு மேற்கே ஹில் கண்ட்ரியில் ஒரு சின்ன கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. மனைவி, கைக்குழந்தையோடு ப்ளூபானெட் என்ற நீலக் காட்டுப்பூக்களுக்கு நடுவே படம் எடுக்கப் போயிருக்கிறான். மார்ச் கடைசியில் இங்குள்ள நம் குடும்பங்கள் எல்லாம் செய்வதுதான். சாலையோரப் பூக்கள் மிதிபட்டுக் கிடக்கவே, முதலில் தனியாகச் செல்ஃபி எடுத்துப் பார்க்கலாமென்று கம்பிவேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டான். நிலத்துக்காரர் ஷெரிஃப் அலுவலகத்தை, அதாவது கவுண்டி போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்.

காலையில் மாஜிஸ்ட்ரேட் உரிமைகளை வாசித்துக் காட்டி, பணம் கட்டாமல் சொந்தப் பிணையில் விட்டார். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் அப்படி நிறுத்தியாக வேண்டும். திரும்பும்போது, "ஒரு பூவைக்கூடப் பறிக்கலண்ணே" என்றான். டெக்சாஸில் ப்ளூபானெட் பறித்தால் குற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பதுதான் குற்றம்.

ஏப்ரல் 2, புதன்

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.05-ஆம் பிரிவை உட்கார்ந்து படித்தேன். உள்ளே வரக்கூடாது என்ற அறிவிப்பு இருந்தும் அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல். அறிவிப்பு என்றால் பலகை மட்டுமல்ல. ஆளை வரவிடாமல் தடுக்கவோ மாடுகளை உள்ளே வைக்கவோ போட்ட வேலியே அறிவிப்புதான். மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணக் கோடு இருந்தாலும் போதும். 8 அங்குல நீளம், 1 அங்குல அகலத்துக்குக் குறையாமல் நெட்டுக்குத்தாக, தரையிலிருந்து 3 முதல் 5 அடிக்குள் கோட்டின் அடி முனை இருக்க வேண்டும்.

தம்பியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் தோளுக்குப் பின்னால் வேலிக் கம்பம் ஒன்றில் வெளிறிப்போன ஊதாக் கோடு. புதிதாக வந்தவர்களுக்கு இதை யார் சொல்லித் தருகிறார்கள்?

இது 'கிளாஸ் பி' குற்றம். 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கோர்ட்டுக்கு எதிரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல் அம்மாவைப் பிடித்தோம். அந்தக் கவுண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் முதலில் கேட்டது தம்பியின் விசாவைத்தான். ஹெச்-1பி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கவுண்டி அட்டர்னி, அதாவது அரசுத் தரப்பு வக்கீல், நல்ல மனிதர். 'நோ கான்டெஸ்ட்', குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று சொல்லுங்கள், ஆறு மாதம் ஒழுங்காக இருங்கள், தண்டனை பதிவாகாமல் முடித்துவிடலாம் என்பார். அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் சரி என்பேன். உங்களுக்கு வேண்டாம்."

காரணத்தையும் சொன்னார். மாநிலச் சட்டம் அதைத் தண்டனை இல்லை என்றாலும் குடிவரவுச் சட்டம் அப்படிப் பார்க்காது. குற்றத்தை ஒப்புக்கொண்டோ, எதிர்க்கவில்லை என்று சொல்லியோ, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்தால் அங்கே அது தண்டனைத் தீர்ப்புதான். சாதாரண அத்துமீறலுக்காக நாடு கடத்த மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு படிவத்திலும் பதில் சொல்ல வேண்டிவரும். குடியுரிமை இல்லாத கட்சிக்காரருக்கு நாடு கடத்தப்படும் அபாயம் இருந்தால் வக்கீல் எச்சரித்தே ஆக வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் இல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம், "வேலியிலிருந்து எத்தனை அடி உள்ளே போனாய்?" என்று கேட்டார். விவசாய நிலத்தில், எல்லையிலிருந்து 100 அடிக்குள் என்றால் அது 'கிளாஸ் சி' ஆகிவிடும். சிறை கிடையாது, 500 டாலர் வரை அபராதம் மட்டும். சொத்து வரிக்காக நிலத்தை மதிப்பிடும் அலுவலகத்தின் வரைபடத்தைக் கணினியில் திறந்தார். தம்பியின் படத்தில் இருந்த ஓக் மரத்தைத் தேடிப் பிடித்து, வேலியிலிருந்து கோடு இழுத்தார். 70 அடிக்குக் கொஞ்சம் மேலே. அச்சடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மே 13, செவ்வாய்

முதல் வாய்தா. இங்கே கவுண்டி நீதிபதிதான் சாலை, பட்ஜெட் எல்லாவற்றையும் பார்க்கும் நிர்வாகக் குழுவுக்கும் தலைவர். சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்று டெக்சாஸ் அரசியல் சட்டம் கேட்பதில்லை, சட்டம் தெரிந்தவராக இருந்தால் போதும். கேட்டால் ஆறு பேர் ஜூரி வைப்பார்கள். இன்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் வராந்தாவில், கவுண்டி அட்டர்னியோடு நின்றுகொண்டே பேசி முடிகிறது.

எங்களுக்கு முன்னால் ஒருவரை ஜெயிலிலிருந்து கூட்டி வந்தார்கள். வரக்கூடாது என்று எச்சரித்த பெட்ரோல் பங்க் கடைக்குத் திரும்பப் போய்ப் படுத்திருக்கிறார். அதே 30.05. ஜாமீனுக்குப் பணமில்லாமல் உள்ளேயே இருந்தவர். குற்றத்தை ஒப்புக்கொண்டார், இருந்த நாட்களே தண்டனை என்று விட்டுவிட்டார்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நூறடியா, அறிவிப்பு சரியா என்று அவருக்காக யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெளியே போக ஒரே வழி ஒப்புக்கொள்வதுதான் என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

எங்கள் வழக்கு ஜூனுக்குத் தள்ளிப்போனது.

மே 17, சனி

இந்தப் பிரிவைப் பற்றித் தேடினால் கின்னி கவுண்டியில்தான் போய் முட்டுகிறது. மெக்சிகோ எல்லையோரம், சுமார் மூவாயிரம் பேர் வாழும் இடம். 2021-ல் 'ஆபரேஷன் லோன் ஸ்டார்' என்ற டெக்சாஸ் அரசின் எல்லைக் காவல் நடவடிக்கை தொடங்கியபின், எல்லை தாண்டி வந்தவர்களைப் பண்ணை நிலத்தில் நுழைந்ததாக இதே பிரிவில் பிடித்தார்கள். எல்லைக் கவுண்டிகளில் கைதானவர்கள் ஆயிரக்கணக்கில். ஊர் ஜெயிலில் இடமேது? டெக்சாஸிலேயே டில்லி (Dilley) என்ற ஊரில் இருக்கும் பிரிஸ்கோ மாநிலச் சிறையைக் காலி செய்து அங்கே வைத்தார்கள். வாரக்கணக்கில் வக்கீலும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை என்று பலர் கிடந்தார்கள். ஒரு சின்ன கோர்ட்டின் தலையில் அத்தனையையும் ஏற்றினால் வேறென்ன நடக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

வக்கீல் அம்மா வரைபடத்தை நீட்டினார். கவுண்டி அட்டர்னி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிலத்துக்காரரிடம் பேசலாம் என்றார்.

அவரும் வந்திருந்தார். போன வருடம் யாரோ படம் எடுக்க வந்து கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போக, கன்றுக்குட்டி ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபட்டுச் செத்ததாம். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. தம்பி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான். "கேட்டிருந்தால் நானே உள்ளே விட்டிருப்பேன்" என்றார்.

முடிவானது இதுதான்: குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. மன்னிப்புக் கடிதம், கவுண்டி நூலகத்தில் 16 மணி நேரச் சேவை, அந்தப் பண்ணைப் பக்கம் போகக்கூடாது. முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்ய அரசுத் தரப்பே மனுப் போடும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தள்ளுபடி உத்தரவு வந்துவிட்டது. கைதான பதிவை அழிக்க இனி தனியாக மனுப் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் உத்தரவின் சான்றிட்ட நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் வக்கீல். பதிவு அழிந்த பிறகும் குடிவரவுப் படிவங்களில் கைதானதைச் சொல்லியாக வேண்டும், சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போனாலும் காகிதம் கேட்பார்கள், அப்போது கோர்ட்டில் போய்க் கேட்டால் அவர்களிடம் எதுவும் இருக்காது. நான்கு நகல் வாங்கினோம். இரண்டு அவனிடம், இரண்டு என் வீட்டு பீரோவில்.