லண்டன் களிமண்ணில் மண்முட்டிப் பாசனம்: வறட்சியில் வேலை செய்தது

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மண்முட்டி, அதாவது தண்ணீர் நிரப்பிப் பாத்தியில் புதைத்து வைக்கிற சுட்ட மண் பானை, வேலை செய்கிறது. 2025 கோடையில் பக்கத்துப் பாத்திகளில் பூசணி இலைகள் மத்தியானமே துவண்டு கிடந்தன. முட்டி புதைத்த பாத்தியில் கொடி நிமிர்ந்து நின்றது, காய் பிடித்தது, பிடித்த பிஞ்சு வெம்பவும் இல்லை. பாகலும் கூடாரம் எதுவும் இல்லாமல் திறந்த வெளியிலேயே காய்த்தது. லண்டனில் பாகல் வெளியில் காய்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே தோட்டம் செய்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

காலநிலையைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்துக்கு 1893க்குப் பிறகு இவ்வளவு மழை குறைந்த வசந்தகாலம் வந்ததில்லை. அதன் பின்னால் வந்த கோடையோ, ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் பதிவான கோடைகளிலேயே மிகச் சூடானது. 2022ஐப் பலர் இன்னும் பேசுகிறார்கள். அந்த ஜூலையில் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை அடித்தது உண்மைதான். ஆனால் அது பயிர் வேரூன்றிய பிறகு வந்த வெயில். 2025இல் மார்ச்சிலிருந்தே மண் காயத் தொடங்கிவிட்டது. குளிர்காலம் அடியில் சேர்த்து வைத்த ஈரம், நாற்று நடுவதற்கு முன்னரே போய்விட்டது. தோட்டக்காரருக்கு இதுதான் கஷ்டமான வறட்சி.

எங்கள் மண் சுத்தமான லண்டன் களி. ஈரமாக இருந்தால் சப்பாத்தில் அப்பிக்கொண்டு வரும், காய்ந்தால் அலவாங்கு கொண்டுதான் இடிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. அந்த வெடிப்பின் மேல் பூவாளியால் ஊற்றினால் தண்ணீர் வேரைத் தொடாமல் நேராகக் கீழே ஓடிவிடும். வெடிப்பு இல்லாத இடத்திலோ மேலே வழுக்கிக்கொண்டு பாதைக்கு வந்துவிடும். எங்கள் அலொட்மென்டில் (வாடகைக்குத் துண்டு துண்டாகக் கிடைக்கும் பொதுத் தோட்டக் காணியில்) ஹோஸ் பிடிக்க அனுமதி இல்லை. பொதுத் தொட்டியில் பூவாளியை முக்கி எடுத்துச் சுமக்க வேண்டும். சுமந்து வருகிற 10 லிட்டரில் பாதி இப்படி வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

மழைநீர்ப் பீப்பா இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். என் கொட்டிலின் கூரை ஏறக்குறைய 2.2 சதுர மீட்டர். 210 லிட்டர்ப் பீப்பா நிரம்ப 95 மில்லிமீட்டர் மழை வேண்டும். லண்டனில் அது சாதாரண வருடத்திலேயே இரண்டு மாத மழை. வறண்ட வருடத்தில் ஏப்ரலில் காலியான பீப்பா, செப்டம்பர் வரை காலிதான். கொட்டில் கூரையை நம்பித் தோட்டம் செய்ய முடியாது. கிடைக்கிற தண்ணீரை வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் வழி.

மண்முட்டியைப் புதைப்பது புதிய யோசனை இல்லை. இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்திய சீன வேளாண் நூல் ஒன்றிலேயே, பானையைப் புதைத்துச் சுற்றிவரக் கொடிப் பயிர் வைக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது. சுட்ட மண்ணின் சுவர் வழியே தண்ணீர் கசியும். வெளியே மண் காய்ந்திருந்தால் அது இழுக்கும், ஈரமாக இருந்தால் கசிவு குறைந்துவிடும். தண்ணீர் திறக்க ஆளும் வேண்டாம், மூட ஆளும் வேண்டாம். இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வந்தது வேறு. செய்யும்போது இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வோம்: பூச்சட்டியின் அடித் துளை, அப்புறம் முட்டிக்கும் மண்ணுக்கும் இடையில் விழுகிற இடைவெளி.

ஊரில் கள்ளு முட்டி கிடைக்கும், துளை கிடையாது, வேலை சுலபம். இங்கே நமக்குக் கிடைப்பது சிவப்புப் பூச்சட்டி. தோட்டக் கடைகளில் ‘உறைபனியைத் தாங்கும்’ என்று எழுதி விற்கிறார்களே, அதை வாங்க வேண்டாம். கூடிய சூட்டில் சுட்டதால் அதன் சுவர் இறுகியிருக்கும், கசியாது. மலிவான, சூடு குறைந்த சட்டிதான் நமக்கு வேண்டியது. கடையிலேயே விரலை நனைத்து வெளிப்புறத்தில் ஒரு சொட்டு வையுங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் எடுங்கள். முத்தாக நின்றால் திருப்பி வைத்துவிடுங்கள், ஏதோ பூச்சு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேலில் (காரில் கொண்டுவந்து பழைய பொருள் விற்கும் சந்தையில்) பாசி பிடித்த பழைய சட்டிகள் வரும். வெளியில் பாசி வளர்ந்திருக்கிறதென்றால் சுவர் ஈரம் விடுகிறது என்று அர்த்தம், பேரம் பேசாமல் வாங்கலாம். நான் விரும்புவது வாய் 25 சென்டிமீட்டர் அகலமுள்ளது. சுமார் 6 லிட்டர் பிடிக்கும்.

இனித் துளை. தக்கை அடைத்தால் ஊறி, காய்ந்து, சுருங்கிக் கழன்றுவிடும். சீமெந்து பூசினால், காய்ந்த சட்டி அதன் ஈரத்தை இழுத்துவிடுவதால், பிடிக்காமல் பொரிந்துபோகும். குளியலறைச் சிலிக்கோனில் பூஞ்சணத்துக்கு மருந்து கலந்திருக்கும், சாப்பிடும் காய்க்குப் பக்கத்தில் அதை நான் வைக்கமாட்டேன். மீன் தொட்டிக்குப் பூசுகிற சிலிக்கோன்தான் சரி. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சட்டி எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். வெளியில் கிடந்த பழைய சட்டி பார்க்கக் காய்ந்தது போலிருக்கும், சுவருக்குள் ஈரம் நிற்கும். கழுவி, சில நாள் வெயிலில் வைத்து, கடைசியில் குறைந்த சூட்டில் ‘அவன்’ (oven) அடுப்பில் வைத்து எடுக்கிறேன். பிறகு துளையைச் சுற்றி உட்பக்கம் மணல்தாளால் தேய்த்து, தூசியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். தூசி மேல் பூசினால் சிலிக்கோன் தூசியில்தான் ஒட்டும், சட்டியில் ஒட்டாது.

குளியலறை ஓட்டுத்துண்டு ஒன்றைத் துளையைவிடப் பெரிதாக உடைத்து, வழுவழுப்பான பக்கத்தில் சிலிக்கோனை வட்டமாக இட்டு, சட்டியின் உள்ளே இருந்து அழுத்த வேண்டும். உள்ளே இருந்து என்பதுதான் முக்கியம். தண்ணீரின் பாரம் ஓட்டுத்துண்டைத் துளையின் மேல் அழுத்தும். வெளியில் ஒட்டினால் அதே பாரம் அதைத் தள்ளிவிடும். அழுத்தும்போது துளை வழியே கொஞ்சம் பிதுங்கி வெளியே வந்தால் நல்லது, அதை விரலால் தேய்த்துவிடுங்கள். இரண்டு நாள் தொடாமல் விடவும்.

சோதனை செய்யாமல் புதைக்க வேண்டாம். சட்டியை நிரப்பிப் பத்திரிகைத்தாள் மேல் வைக்கிறேன். ஒரு மணித்தியாலத்தில் சுவர் முழுக்க ஒரே சீராகக் கறுத்து, தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். தாளின் நடுவில் மட்டும் பெரிய ஈர வட்டம் விழுந்தால் துளை ஒழுகுகிறது. சுவர் ஒரு பக்கம் மட்டும் வெளிறிக் கிடந்தால், அந்தப் பக்கத்தைச் செடி இல்லாத பக்கமாகத் திருப்பிப் புதைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இடைவெளி. மணல் மண்ணில் இந்தத் தொல்லை இல்லை. நம் களிமண் காயும்போது சுருங்கி, முட்டியை விட்டு விலகிவிடும். மயிரிழை இடைவெளி போதும், சுவர் மண்ணைத் தொடாத இடத்தில் தண்ணீர் அப்படியே நின்றுவிடும். முட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், செடி வாடிப்போயிருக்கும். பார்க்கிறவருக்குக் குழப்பமாக இருக்கும்.

அதற்கு நான் செய்வது: முட்டியைவிட ஒரு சாண் அகலமாகக் குழி வெட்டி, பக்கச் சுவர்களை அலவாங்கால் குத்தி உடைத்துவிடுகிறேன். சலித்த மண்ணும் பழைய கொம்போஸ்டும் சமமாக எடுத்து, தண்ணீர் விட்டு, தோசைமாப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். முட்டியைக் குழியில் வைத்து, அந்தக் குழம்பைச் சுற்றிவர மெதுவாக ஊற்றி, தடியால் குத்திக் குமிழி போக்க வேண்டும். மறுநாள் இறங்கியிருக்கும், மேலும் ஊற்ற வேண்டும். கொம்போஸ்ட் கலந்த இந்த உறை காய்ந்தாலும் களியைப் போலச் சுருங்காது, முட்டியோடு ஒட்டியே நிற்கும். வேரும் இந்த உறைக்குள்தான் முதலில் ஓடிவரும். செப்டம்பரில் ஒரு பூசணியைப் பிடுங்கிவிட்டுத் தோண்டிப் பார்த்தேன். முட்டியின் சுவர் தெரியாதபடி வெள்ளை வேர் வலைபின்னி ஒட்டியிருந்தது. இவ்வளவு நெருக்கமாகப் பூசணி வேரை நான் எங்கும் பார்த்ததில்லை.

முட்டியின் கழுத்து மண்ணுக்கு மேலே மூன்று விரல் நிற்கட்டும். அந்தப் பகுதியின் வெளிப்புறத்தில் வர்ணம் பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் அது தண்ணீரை மேலே இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். வாய்க்கு மூடி அவசியம். அடுத்த காணித்துண்டு மாமி முதல் நாளே சொல்லிவிட்டார்: “தம்பி, உந்த முட்டியளை மூடிப்போட்டு வையும், நுளம்பு வந்திடும்.” ஓம் மாமி என்று சட்டித் தட்டைக் கவிழ்த்துக் கல்லும் வைத்துவிட்டேன். சுற்றிவரக் காட்போட் அட்டை, அதன் மேல் மரச் சிராய். அட்டை இல்லாமல் முட்டி மட்டும் போட்டால் பாதிப் பலன்தான்.

குளிர்ந்த மே மாதத்தில் ஒரு தடவை நிரப்பினால் ஒரு கிழமை நின்றது. ஜூலை வெயிலில் இரண்டு நாளில் வற்றியது. மூடியைத் தூக்கிப் பார்த்தாலே செடிக்கு எவ்வளவு தாகம் என்று தெரிந்துவிடுகிறது. தக்காளிக்கும் இது பெரிய உதவி. காயின் அடி கறுத்து அழுகுவது, தண்ணீர் ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் கல்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. முட்டிக்குப் பக்கத்தில் நின்ற தக்காளியில் அது ஒன்றுகூட இல்லை. காற்றில் ஈரம் இல்லாததால் வெளிறல் நோயும் (blight) எட்டிப் பார்க்கவில்லை. வறட்சி தந்த ஒரே நன்மை அது.

எல்லாவற்றுக்கும் முட்டி பொருந்தாது. விதை தூவி வரிசையாக வளர்க்கிற கரட், பீட்ரூட்டுக்கு இது எட்டாது. கொத்தமல்லி சூட்டில் எப்படியும் பூத்துவிடும். கொடிப் போஞ்சி வேருக்கு ஈரம் இருந்தும் பூவை உதிர்த்தது, அதற்குச் சூட்டைப் பிடிக்காது. உருளைக்கிழங்கில் காய்ந்த மண்ணுக்கே உரிய சொறி. ஆனால் செங்கீரை! வெட்ட வெட்டத் தழைத்தது. சூடு கூடக் கூட அதற்குக் கொண்டாட்டம்.

எங்கள் வாசலோரத்துக் காணித்துண்டு முதியவர் 1976 வறட்சியைப் பார்த்தவர். தெருக்குழாயில் வாளியோடு வரிசை நின்றதைச் சொல்வார். அப்போது அரசாங்கம் டெனிஸ் ஹவல் என்பவரை வறட்சிக்கே அமைச்சராகப் போட்டது, போட்ட சில நாட்களில் மழை கொட்டியது. அந்த முதியவர் தான் வைத்திருந்த பழைய கைவினைச் சட்டிகளில் நாலை எனக்குத் தந்தார். என்னிடம் உள்ளவற்றில் நன்றாகக் கசிவது அவைதான்.

எருவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. காய்ந்த மண்ணுக்குக் குதிரைச் சாணம் நல்லதென்று லாயங்களில் அள்ளிக்கொண்டு வருகிறோம். குதிரை தின்ற புல்லுக்கு அமினோபைரலிட் களைக்கொல்லி அடித்திருந்தால் அது சாணத்திலும் அழியாமல் வரும், தக்காளி இலை பன்னம் போலச் சுருளும். பரப்புவதற்கு முன் ஒரு சட்டியில் அந்த எருவைப் போட்டு அகல அவரை (broad bean) முளைக்க வையுங்கள். இலை நேராக வந்தால் தைரியமாகப் போடலாம்.

இப்போது பாதி முட்டிகளைத்தான் கிளப்பியிருக்கிறேன். குளிர்காலத்தில் மண்ணுக்குள் விட்டால் உறைந்து வெடிக்கும், மலிவான சட்டிக்கு அதுதான் விலை. லண்டன் குழாய்த்தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பதால் சுவரில் வெள்ளையாகப் படிந்து துவாரங்களை அடைத்திருக்கிறது. கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைதான். வினாகிரியில் ஊறவைத்து நைலோன் பிரஷால் தேய்த்துவிட்டு, மறுபடி சொட்டுச் சோதனை செய்ய வேண்டும். முதலில் ஊறவைத்த இரண்டும் தெளிந்துவிட்டன, மற்றவை வாளியில் கிடக்கின்றன.

அது முடிவதற்குள் அடுத்த திட்டம் வந்துவிட்டது. கம்பிக் கூட்டுக்குள் நிற்கும் 1000 லிட்டர்ப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று பழையதாகத் தேடுகிறேன். முன்பு உணவுப் பொருள் வைத்ததாக இருக்க வேண்டும், வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணி சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். அதிலிருந்து மெல்லிய குழாயில் முட்டிகளை ஒன்றோடொன்று இணைத்தால் சுமக்கிற வேலையே இல்லை. புடோலுக்கு இரட்டை முட்டி, நடுவில் பந்தல் கால். காயின் நுனியில் கல் கட்டி நேராக இறக்க, பந்தலை ஆறடிக்கு உயர்த்த வேண்டும். வெண்காயப் பாத்தியில் சிறிய சட்டிகளை ஒரு முழ இடைவெளியில் வரிசையாகப் புதைத்துப் பார்க்க ஏப்ரலில் ஒரு பாத்தியை ஒதுக்கியிருக்கிறேன். சிறிய சட்டி எங்காவது மொத்தமாக மலிவாகக் கிடைத்தால் சொல்லுங்கள், ‘உறைபனியைத் தாங்கும்’ என்று எழுதாததாக.