புஸ்த

ஹங்கேரிய மொழியில் ‘புஸ்த’ என்றொரு சொல் இருக்கிறது. ஆளரவமற்ற புல்வெளி, வனாந்தரம் என்று பொருள். ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது. அங்கே ‘வெறுமையான’ என்று அர்த்தம். துருக்கியர் காலத்துப் போர்களில் ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில் எத்தனையோ கிராமங்கள் காலியாயின. ஜனங்கள் போனபின் மிஞ்சிய நிலத்தையும் புஸ்த என்றே அழைத்தார்கள். ஒரு சொல்லுக்குள் இவ்வளவு துயரமா என்று இருக்கிறது.

இன்றும் வெறுங்கை என்று சொல்ல இதே சொல்தான், பெயரடையாக. ‘புஸ்தீத்’ என்றால் அழிப்பது.

அப்புறம் இலக்கணம். தமிழைப் போலவே அங்கும் வேற்றுமை உருபு சொல்லின் கடைசியில் ஒட்டுகிறது. ‘புஸ்தவில்’ என்பதற்குப் ‘புஸ்தான்’. உருபு சேர்ந்ததும் ஈற்றுக் குறில் நெடிலாகிவிடுகிறது, பாருங்கள்! அந்த நீட்சி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அந்த நிலத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஹோர்தோபாஜ் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். 1999 முதல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம்.