எத்தனை உலை?

கண்மாய்க்கரைக் குடியிருப்புகளை அகற்றி மாற்று வீடு கொடுப்பதற்காகக் கணக்கெடுக்கிற படிவத்தில் ‘தனிச் சமையல்: ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் உண்டு. இருக்கிற கட்டங்களிலேயே சின்னது அதுதான். ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பிறகு திருத்திக்கொள்ளலாம். வருமானத்தைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, எப்படியும் அங்கே எல்லாரும் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குக் கீழேதான். ஒரு கூரைக்கு ஒரு வீடா, இரண்டு வீடா என்பது மட்டும் அந்தச் சின்னக் கட்டத்தில் விழுகிற டிக்கில் இருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் நடந்த பேச்சு இது. எந்தக் கண்மாய் என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லாக் கரையிலும் இதே மாதிரி வரிசைதான். முன்னால் தகரக் கூரை, அதே சுவரில் பின்பக்கம் சாய்த்து இறக்கிய ஓலைத் தாழ்வாரம். முன்னால் மாமியாரும் மாமனாரும், பின்னால் மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். அடுப்பு இரண்டு.

“எத்தனை உலைங்கம்மா?”

“ஒரே உலைதான் தம்பி. பின்னாடி இருக்கது பலகார அடுப்பு. முறுக்கு, சீடை போட்டுக் கடைக்குக் குடுக்கோம்ல, அதுக்கு.”

“மருமக தனியாப் பொங்குறாங்களா?”

“எதுக்குத் தனியாப் பொங்கணும்? நாங்க என்ன சண்டை போட்டுப் பிரிஞ்சா கிடக்கோம்?”

மருமகள் வாசலில் உட்கார்ந்து தேங்குழல் அச்சைக் கழுவிக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. ‘இல்லை’யில் டிக் விழுந்தது. கதவில் சிவப்புப் பெயின்டில் ஓர் எண், கதவு முன்னால் எல்லாரையும் நிறுத்தி ஒரு போட்டோ. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், திறந்திருந்த கதவுக்குப் பின்னால் மூடி போட்ட இரண்டு நீல அரிசி டிரம் தெரியும். ஒன்று முன்னறையில், இன்னொன்று தாழ்வாரத்துத் தடுப்பை ஒட்டி.

இந்த வேலையில் பழகியவர்கள் உலையை வாயால் கேட்பதில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்குப் போய் எத்தனை அடுப்பு எரிகிறது என்று பார்ப்பார்கள். உப்பு ஜாடி எத்தனை, அரிசி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ரேஷன் அரிசி வந்த அன்றைக்கு அதை அளந்து பிரிக்கிறார்களா என்று பக்கத்து வீட்டில் பேச்சுவாக்கில் கேட்பார்கள். மருமகளைக் குழாயடியில் தனியாகப் பார்த்தால் பேசுவார், மாமியார் எதிரில் பேச மாட்டார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கணக்கெடுப்பு நடப்பது பத்து மணியிலிருந்து ஐந்து மணிக்குள். அந்த நேரத்தில் எந்த வீட்டில் உலை கொதிக்கிறது?

அந்த டிக் விதிப்படிதான் விழுந்தது என்று இன்றைக்கும் வாதாட முடியும். சரிபார்க்க வருகிற குழு முதலில் கேட்பது குடும்ப அட்டையை. இந்த வீட்டில் அட்டை ஒன்றுதான், ஆறு பேர் பெயரும் அதில்தான். படிவத்தில் இரண்டு குடும்பம், கையில் ஓர் அட்டை என்றால் அந்த எண் நிலுவைக்குப் போகும். நிலுவைக்குப் போன எண்ணுக்கு, மற்றவர்களுக்கு வீடு ஒதுக்கும் குலுக்கல் முடிந்த பிறகுதான் பதில் வரும். கீழ்த்தளம் முதல் தளமெல்லாம் போயிருக்கும், சில சமயம் வீடே மிஞ்சாது. இரண்டு கேட்டு ஒன்றும் இல்லாமல் போவதை விட ஒன்று நிச்சயம் என்பது மோசமான கணக்கு இல்லை.

இன்னொரு நியாயமும் உண்டு. கணக்கெடுப்பு வருகிறது என்று காதில் விழுந்தவுடன் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசைக்குள் தட்டி கட்டி, ஒரு வீட்டை மூன்றாக்கி, “மூணு உலைன்னு சொல்லு” என்று சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் எல்லாக் கரையிலும் இருக்கிறார்கள். அதற்குக் கமிஷனும் உண்டு. பட்டியல் அப்படி வீங்கினால் மொத்தப் பட்டியலையும் திருப்பி அனுப்புவார்கள், அதில் நிஜமான வீடுகளும் சேர்ந்து நிற்கும். அதனால்தான் யாருக்கும் பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது களப்பணியில் முதல் பாடம். அந்த அம்மாவுக்கும் யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

ஆனால் விதி என்று சொல்லும்போது எந்த விதி? 2015-இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற வழிகாட்டுதல் குடும்பம் என்பதற்குக் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என்றுதான் இலக்கணம் சொல்கிறது. கல்யாணம் ஆன மகன் அதன்படி தனிக் குடும்பம். உலையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. உலை வந்தது அட்டை வழியாக. புதுக் குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தால் தனிச் சமையல் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்க்கிறார்கள். 2023-இல் மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு, ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான் 1,000 ரூபாய் என்பதால் அட்டை பிரிக்க நிறையப் பேர் ஓடினார்கள். புது அட்டை கொடுப்பதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். ஆக, அட்டை வேண்டுமென்றால் தனி அடுப்பு வேண்டும், தனி அடுப்புக்குத் தனி இடம் வேண்டும், தனி இடம் வேண்டுமென்றால் அட்டை வேண்டும். கண்மாய்க்கரையில் பிறந்து அங்கேயே கல்யாணம் முடித்த ஒருவன் இந்த வட்டத்துக்குள் எந்தப் பக்கம் நுழைவான்?

கரையில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. சொந்தப் பட்டா இருந்தால் தானே கட்டிக்கொள்ள அந்த 2015 திட்டத்தில் 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் மானியம் இருந்தது. மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம். அடித்தளம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக வந்தது. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கண்மாய்க்குள் யாருக்கும் உரிமை என்ற பேச்சே எடுபடாது. எத்தனை வருஷம் பி மெமோவுக்குப் பணம் கட்டியிருந்தாலும் அது ஆக்கிரமிப்புக்கான அபராதச் சீட்டுத்தான். மிஞ்சுவது அடுக்குமாடியில் ஒரு வீடு. அது எத்தனை என்பது அந்தப் பட்டியலில்.

பட்டியலுக்கு இவ்வளவு பலம் புதிதாக வந்ததல்ல. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், பிழைப்பும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது அந்த வரியை. ஆனால் மாற்று இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே தீர்ப்பு குறிப்பாகச் சொன்னது, 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு. சென்னையில் 2000-இல் தொடங்கிக் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் ஆட்களை ஏற்றிப்போனபோதும் இதே கதைதான். வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாகிப்போனது பற்றி நிறையப் பேசியாயிற்று. கூட்டுக் குடும்பத்தில் யார் பெயர் விட்டுப்போனது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. குடியிருப்பு உரிமைக்காகப் போராடுகிறவர்கள் கூரையை எண்ணாதீர்கள், குடும்பத்தை எண்ணுங்கள் என்று கேட்கிறார்கள். சரிதான். ஆனால் குடும்பம் எங்கே முடிகிறது என்று மாமியாரிடம் கேட்டால் ஒரு பதில், மருமகளிடம் கேட்டால் வேறு பதில்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதற்கு முழிப்பதுதான் வேடிக்கை. நகரத்தார் வீட்டில் கல்யாணம் ஆனதும் மகனை ‘வேறு வைப்பது’ வழக்கம். அதே வீடு, அதே வளவு, அதே முகப்பு. ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனிச் சமையல், தனி வரவு செலவு. யாரும் சண்டை என்று சொல்வதில்லை. அன்றிலிருந்து அவர்கள் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். ஒரே கூரைக்குக் கீழே பத்துப் புள்ளி இருந்தாலும் பத்தாகத்தான் எண்ணுவார்கள். கணக்குப் புத்தியோடு இதை வகுத்தவர்கள் ஆயிரம் சன்னல் வைத்த வீட்டுக்கு வகுத்தார்கள். அந்த வீடுகளில் பின்கட்டில் காவலுக்கு இருக்கும் குடும்பங்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை என்பது வேறு விஷயம். பங்காளிகள் ஒத்துப்போய் வீட்டை இடிக்கக் கொடுத்தால் தேக்குத் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகும், பின்கட்டுக்காரர் எங்கே போனார் என்று எழுதிவைக்க ஒரு படிவமும் கிடையாது.

கரையில் நிலைமை வேறு. அங்கே தனி உலை என்றால் பிரிந்துவிட்டார்கள் என்று பொருள். “நாங்க என்ன சண்டை போட்டுப் பிரிஞ்சா கிடக்கோம்?” என்ற கேள்வி, கணக்கெடுக்க வந்தவர்களிடம் சொன்ன பதிலே அல்ல; பக்கத்தில் நின்ற நாலு பேருக்குச் சொன்னது. அதைப் பதிலாக எடுத்து டிக் அடித்தது சரியா? அவர் சொன்னதைத்தானே எழுத முடியும்? சொன்னதை விட்டுவிட்டு அரிசி டிரம்மை எண்ணி எழுத ஆரம்பித்தால், நாளைக்கு இன்னொரு வீட்டில் இல்லாத டிரம்மையும் யாராவது எண்ணுவார்கள்.

வீடு மூன்றாவது மாடியில் விழுந்தது. ஏறக்குறைய 400 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுக்களை, குளியலறை. ஆறு பேர். விறகடுப்பு மாடியில் மூட்ட முடியாது. காஸில் முறுக்குப் போட்டால், வீட்டு சிலிண்டரில் வியாபாரம் செய்யக் கூடாது, வணிக சிலிண்டர் விலைக்குக் கட்டுப்படியாகாது. எண்ணெய்ச் சட்டியின் புகை போக அடுக்களையில் இருப்பது ஒரு சின்ன சன்னல். மகன் குடும்பம் செஞ்சைப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டது. பலகார அடுப்பும் அவர்களோடு போயிற்று. மாமியார் சொன்னது அந்த அளவில் உண்மைதான் போலிருக்கிறது, அது தொழில் அடுப்புத்தான். சோறும் அதிலேதான் வெந்ததா என்பதுதான் கேள்வி, அதற்கு இனிமேல் யாரிடமும் பதில் வாங்க முடியாது. மருமகளைக் கேட்டால் அவருக்குச் சாதகமாகத்தான் சொல்வார்.

மறுபடி அதே படிவம், அதே நேரம், அதே பதில் என்றால் ‘இல்லை’யில்தான் டிக் விழும். வேறு மாதிரி எழுத அந்தத் தாளில் இடமில்லை. இப்போது புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, சந்தேகம் வந்தால் கீழே ‘குறிப்பு’ என்ற இரண்டு வரி இடத்தில், அடுப்பு எத்தனை, அரிசி எத்தனை இடத்தில், மணமான தம்பதி எத்தனை பேர் என்று எழுதிவையுங்கள் என்கிறோம். எழுதுகிறார்கள். படிவத்தைக் கணினியில் ஏற்றுகிறபோது அந்தக் குறிப்பை ஏற்ற அங்கே கட்டம் கிடையாது.