இஸ்ரவேல், யூதா ராஜ்யங்கள் பேப்பர் எழுதப்போறவங்களுக்கு – நான் படிச்ச விதம்

பழைய ஏற்பாட்டு வரலாறு பேப்பர்னாலே நம்ம பசங்க நிறைய பேர் பயப்படுறாங்க, ராஜாக்கள் பேரப் பாத்தாலே தலை சுத்துதுன்னு சொல்றாங்க. இறையியல் படிச்சதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பேப்பர் இதுதான், மார்க்கும் நல்லா வந்துச்சு. அதனால இப்ப எக்ஸாமுக்கு ரெடி ஆகிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக எப்படி படிச்சேன்னு எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா வாசிங்க.

முதல்ல கைடு, சீனியர் நோட்ஸ் எல்லாத்தையும் ஓரமா வச்சிடுங்க. சாலொமோனுக்கு அப்புறம் ராஜ்யம் வடக்குல இஸ்ரவேல், தெற்குல யூதான்னு ரெண்டா பிரியுற 1 இராஜாக்கள் 12ல ஆரம்பிச்சு 2 இராஜாக்கள் 25 வரைக்கும் கதை வாசிக்கிற மாதிரி வாசிங்க, மொத்தம் 36 அதிகாரம்தான். அடிக்கோடு வேணாம், குறிப்பும் எடுக்க வேணாம். வாசிச்சிட்டே போனா ஒண்ணு உங்களுக்கே பிடிபடும், ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரே அச்சுதான்: யூதாவோட ராஜா இன்னாருக்கு இத்தனையாவது வருஷத்துல இஸ்ரவேல்ல இன்னார் ராஜாவானான், இத்தனை வருஷம் ஆண்டான், கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தான், அவனோட மத்த வர்த்தமானம் எல்லாம் நாளாகமப் புஸ்தகத்துல எழுதியிருக்கு, செத்தான், மகன் ராஜாவானான். (அங்க சொல்ற நாளாகமம் நம்ம பைபிள்ல இருக்கிற நாளாகமம் இல்ல, அரண்மனைக் குறிப்பேடுங்க, அது நமக்குக் கிடைக்கல. இத ஒரு வரி ஆன்ஸர்ல எழுதினா மூலநூல வாசிச்சவர்னு திருத்துறவருக்குத் தெரியும்.)

இந்த அச்சு எதுக்குன்னு யோசிச்சா மொத்த பேப்பரும் திறந்துக்கும். நாடு போச்சு, ஆலயம் எரிஞ்சு போச்சு, தாவீதோட சிங்காசனம் போச்சு, கர்த்தர் எங்கள ஏன் இப்படி விட்டாருன்னு கேட்ட ஜனத்துக்கு எழுதின பதில் அது. அதனாலதான் ஒவ்வொரு ராஜாவையும் எருசலேம் ஆலயத்துக்கும் உடன்படிக்கைக்கும் உண்மையா இருந்தானான்னு ஒரே அளவுகோல் வச்சு அளக்குறாங்க. வடக்கு ராஜாக்கள் பெத்தேல்லயும் தாண்லயும் அவங்க முதல் ராஜா யெரொபெயாம் வச்ச கன்னுக்குட்டிய விடவே இல்ல, அதனால ஒருத்தர் கூட பாஸ் ஆகல. உபாகமத்துல இருந்து இராஜாக்கள் வரைக்கும் ஒரே வரலாற்று நூல், சிறையிருப்பு காலத்துல (ஜனத்த பாபிலோனுக்குப் பிடிச்சிட்டுப் போன காலம்) உருவானதுன்னு 1943ல மார்ட்டின் நோத்ங்கிற அறிஞர் சொன்னாரு, பிறகு ஃபிராங்க் மூர் கிராஸ் வந்து இல்ல, முதல் பதிப்பு யூதா ராஜா யோசியா காலத்துலயே வந்திருச்சு, சிறையிருப்புல ரெண்டாவது தடவ சேத்து எழுதினாங்கன்னு சொன்னாரு. இந்த ரெண்டு கருத்தையும் தெளிவா ஒரு பக்கம் எழுதத் தெரிஞ்சா "உபாகம வரலாறு" கேள்வி எப்படி திருப்பிக் கேட்டாலும் சமாளிச்சிரலாம்.

ஒரு உதாரணம் கிட்ட இருந்து காட்டுறேன். இஸ்ரவேல ஆண்ட உம்ரி ராஜாவ எடுங்க. 1 இராஜாக்கள் 16ல 23ல இருந்து 28 வரைக்கும் ஆறே வசனம். 12 வருஷம் ஆண்டான், அதுல 6 வருஷம் பழைய தலைநகர் திர்சாவுல, சேமேர்கிட்ட இருந்து ரெண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலைய வாங்கி புது தலைநகர் சமாரியாவக் கட்டினான், பொல்லாப்பு செஞ்சான், செத்தான், முடிஞ்சுது. ஆனா வெளிய இருக்கிற கல்வெட்ட பாத்தீங்கன்னா ஆள் எவ்வளவு பெரியவன்னு தெரியும். மோவாப் ராஜா மேசா தன்னோட கல்வெட்டுல உம்ரி மோவாப ரொம்ப நாள் ஒடுக்கினான்னு பேர் சொல்லி எழுதியிருக்கான், அந்தக் கல்லு 1868ல திபான்ல கிடைச்சது, இப்ப லூவ்ருல இருக்கு. அசீரியாக்காரங்க வட ராஜ்யத்தையே உம்ரியோட வீடுன்னுதான் எழுதுறாங்க, அவன் செத்து நூறு வருஷத்துக்கு அப்புறமும். இஸ்ரவேல்ல இருந்த உம்ரி குடும்பத்த வெட்டிப் போட்டு ராஜாவானவன் யெகூ, அவனையே அசீரியாக்காரங்களோட கறுப்புத் தூண் கல்வெட்டுல உம்ரியோட மகன்னு எழுதியிருக்காங்க! அரசியல்ல இவ்வளவு பெரிய ஆளுக்கு வேதத்துல ஆறு வசனம்தான்னா அந்த ஆசிரியர் எத முக்கியம்னு நினைச்சாருன்னு நமக்குப் புரிஞ்சிரும். எக்ஸாம்ல உம்ரி வம்சம் கேட்டா இந்த இடைவெளியத்தான் நான் முதல் பாராவா எழுதினேன்.

அடுத்து தேதி. இதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. பைபிள்ல கி.மு. எதுவும் இல்லையே, நமக்கு எப்படி தெரியும்? அசீரியாக்காரங்க ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு அதிகாரி பேர் வச்சு பட்டியல் போட்டு வச்சிருந்தாங்க, அதுல ஒரு வருஷம் சூரிய கிரகணம் குறிச்சிருக்கு, வானியல் கணக்குப்படி அது கி.மு. 763. அதுல இருந்து முன்னயும் பின்னயும் எண்ணி வந்ததுதான் நம்ம தேதி எல்லாம். இத புரிஞ்சிக்கிட்டா 853, 841 ரெண்டும் மறக்காது. 853ல கர்கர் யுத்தம், அசீரியா ராஜா மூணாம் சல்மனாசார் தன் கல்வெட்டுல தன்ன எதிர்த்து வந்த உம்ரியோட மகன் ஆகாபுக்கு 2,000 ரதம், 10,000 காலாள்னு எழுதியிருக்கான் (பைபிள்ல இந்த யுத்தம் இல்லவே இல்ல). 841ல யெகூ அதே சல்மனாசாருக்கு கப்பம் கட்டுறான். நடுவுல 12 வருஷம். பைபிள்ல ஆகாபுக்கு அப்புறம் அகசியா 2 வருஷம், யோராம் 12 வருஷம், கூட்டினா 14 வருது, இடிக்குதேன்னு தோணும். வடக்குல அந்தக் காலத்துல ராஜா பட்டத்துக்கு வந்த அரைகுறை வருஷத்தையும் முழு வருஷமா எண்ணினாங்க, அப்போ ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு கழிக்கணும், 1ம் 11ம் 12. சரியா உக்காருது பாருங்க! எட்வின் தீலேங்கிற அறிஞர் இப்படித்தான் தன்னோட காலவரிசைய கட்டினாரு. இது புரிஞ்ச அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம், வேற பேப்பர் படிக்கவே மனசு வரல.

புத்தகத்துக்கு புத்தகம் தேதி மாறுதேன்னு குழம்பாதீங்க. ராஜ்யம் பிரிஞ்சது தீலே கணக்குல 931, இன்னொரு அறிஞர் ஆல்பிரைட் கணக்குல 922. சமாரியா விழுந்தது 722னும் போடுவாங்க 721னும் போடுவாங்க. எருசலேம் அழிஞ்சது 587 அல்லது 586. ஏதாவது ஒரு முறைய எடுத்துக்கிட்டு பேப்பர் முழுக்க அதையே எழுதுங்க, முதல் தடவ வரும்போது மட்டும் இன்னொரு தேதியும் உண்டுன்னு சொல்லிடுங்க.

பேர் குழப்பத்துக்கு நான் செஞ்சது ஒரு பெரிய சார்ட். நடுவுல அசீரியா, பாபிலோன், எகிப்து ராஜாக்கள், இடது பக்கம் இஸ்ரவேல், வலது பக்கம் யூதா. ரெண்டு பக்கமும் யோராம் இருப்பான், ரெண்டு பக்கமும் அகசியா, ரெண்டு பக்கமும் யோவாஸ், அது போதாதுன்னு யூதாவோட அசரியாவும் உசியாவும் ஒரே ஆளு. யோயாக்கீம் அப்பா, யோயாக்கீன் மகன். வடக்கோட கடைசி ராஜா ஓசெயா வேற, தீர்க்கதரிசி ஓசியா வேற. பேர் மட்டும் மனப்பாடம் பண்ணா கண்டிப்பா மாறிப்போகும், சார்ட்ல இடத்தோட பாத்தா மாறாது. அத்தாலியாள விட்றாதீங்க, அவ உம்ரி குடும்பத்துப் பொண்ணு, யூதாவுல கல்யாணம் ஆகி வந்து அப்புறம் சிங்காசனத்துலயே உக்காந்தவ, அவளோட இடத்துலதான் ரெண்டு பக்கமும் ஒண்ணா சேருது.

அதே சார்ட்ல தீர்க்கதரிசிகள வேற கலர்ல எழுதுங்க. ஆமோஸ், ஓசியா ரெண்டாம் யெரொபெயாம் காலம், நாடு செழிப்பா இருந்த நேரம், அதனாலதான் ஆமோஸ் தந்தக்கட்டில்ல படுத்துக்கிட்டு இருக்கிறவங்கள அவ்வளவு கோவமா திட்டுறாரு. சமாரியாவுல தோண்டினப்போ தந்த வேலைப்பாட்டுத் துண்டுகள் நிறைய கிடைச்சுது, ஆமோஸ் 3:15, 6:4 எழுதும்போது கூட இத சேருங்க. ஏசாயா 7ம் அப்படித்தான். சீரியா ராஜா ரேத்சீனும் இஸ்ரவேலோட பெக்காவும் சேந்து யூதா ராஜா ஆகாஸ மிரட்டினாங்க, ஆகாஸ் பயந்துபோய் அசீரியா ராஜா திகிலாத்பிலேசர்கிட்ட உதவி கேட்டான், 732ல சீரியாவோட தலைநகர் தமஸ்கு விழுந்துச்சு. இந்தப் பின்னணி தெரியாம அதே அதிகாரத்துல வர்ற இம்மானுவேல் வசனத்துக்கு விளக்கம் எழுதவே கூடாதுன்னு நான் நினைக்கிறேன். மீகா, செப்பனியா, நாகூம், ஆபகூக் எல்லாம் சார்ட்ல இடம் பாத்து வச்சிக்கிட்டா போதும், எரேமியாவுக்கு மட்டும் நிறைய நேரம் குடுங்க.

இந்தப் பேப்பர்லயே ரொம்ப முக்கியமான வருஷம் எதுன்னு கேட்டா 701னு சொல்லுவேன், அசீரியா ராஜா சனகெரிப் எசேக்கியா ராஜா ஆண்ட யூதா மேல படையெடுத்த வருஷம். ஏன்னா ஒரே சம்பவத்துக்கு இத்தனை சாட்சி வேற எங்கயும் கிடையாது. 2 இராஜாக்கள் 18, 19, ஏசாயா 36, 37, 2 நாளாகமம் 32, சனகெரிபோட களிமண் பட்டயம், அவனோட நினிவே அரண்மனைச் சுவத்துல செதுக்கின, யூதா பட்டணம் லாகீஸோட முற்றுகைக் காட்சி (இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு), லாகீஸ்ல தோண்டினப்போ கிடைச்ச முற்றுகை மேடு. எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. சனகெரிப் என்ன சொல்றான்? 46 அரணான பட்டணங்கள பிடிச்சேன், எசேக்கியாவ எருசலேம்ல கூண்டுப் பறவை மாதிரி அடைச்சேன், 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி வாங்கினேன்னு சொல்றான். எருசலேம பிடிச்சேன்னு மட்டும் சொல்லல. 2 இராஜாக்கள் 18:14–16லயும் எசேக்கியா பணம் கட்டினான்னு இருக்கு, 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி, ஆலயக் கதவுல இருந்த பொன்னையே உரிச்சுக் குடுத்தான். பொன் கணக்கு அப்படியே ஒத்துப்போகுது!

இப்ப ஏசாயா 36 எடுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட அதே வார்த்தைங்கதான், ஆனா அந்த மூணு வசனம் மட்டும் இருக்காது. 36:1ல சனகெரிப் வந்தான், 36:2ல அவன் அனுப்பின அதிகாரி ரப்சாக்கே வந்துட்டான், நடுவுல கப்பம் இல்ல. நாளாகமத்துலயும் கப்பம் இல்ல, ஆனா எசேக்கியா தண்ணிய நகரத்துக்குள்ள திருப்பி விட்டது இருக்கு. அந்தச் சுரங்கம் இன்னைக்கும் இருக்கு, 533 மீட்டர், ரெண்டு பக்கத்துல இருந்தும் வெட்டிக்கிட்டே வந்து ஒருத்தர் சத்தம் ஒருத்தருக்குக் கேட்டுச்சுன்னு உள்ள கல்லுலயே எழுதி வச்சிருந்தாங்க, 1880ல அந்தக் கல்வெட்டு (சீலோவாம் கல்வெட்டும்பாங்க) கிடைச்சுது, இப்ப இஸ்தான்புல்ல இருக்கு. ஒவ்வொரு நூலும் எத எடுத்துச்சு எத விட்டுச்சுன்னு ரெண்டு பாரா எழுதுங்க, அதுக்கு மேல எந்த கைடும் உங்களுக்கு சொல்லித்தர முடியாது.

இதே மாதிரி இணை வாசிப்பு மனாசேக்கும் யோசியாவுக்கும் பண்ணுங்க. இராஜாக்கள்ல மனாசே 55 வருஷம் ஆண்ட கெட்டவன், சிறையிருப்புக்கே அவன்தான் காரணம்னு இருக்கும், 2 நாளாகமம் 33ல அவன் மனந்திரும்பி ஜெபம் பண்றான். யோசியா 622ல ஆலயத்துல நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைச்சு சீர்திருத்தம் பண்றான், ஆசாரியன் இல்க்கியா, எழுத்தன் சாப்பான், தீர்க்கதரிசினி உல்தாள் மூணு பேரும் ஆன்ஸர்ல வரணும், அது உபாகமத்தோட சம்பந்தப்பட்டதுன்னு 1805லயே டி வெட்டேங்கிற அறிஞர் சொன்னதையும் சேருங்க. 609ல மெகிதோவுல எகிப்து ராஜா பார்வோன் நேகோ கையால யோசியா சாகுறான், நல்ல ராஜா ஏன் இப்படி செத்தான்னு இராஜாக்கள்ல விளக்கமே இல்ல, 2 நாளாகமம் 35ல விளக்கம் குடுக்குறாங்க. வாசிச்சுப் பாருங்க.

சிலர் என்கிட்ட கேட்டாங்க, இப்படி எல்லாம் ஒப்பிட்டா விசுவாசம் போயிராதான்னு. எனக்கு அப்படி ஆகல. தன் ராஜா தப்பு பண்ணான், ஆலயத்துப் பொன்ன உரிச்சு எதிரிக்குக் குடுத்தான்னு தன் வேதத்துலயே எழுதி வச்ச ஒரு ஜனத்து மேல எனக்கு மரியாதை அதிகம்தான் ஆச்சு. தாவீது, சாலொமோன் பகுதி வரும்போதும் பயப்படாம ரெண்டு பக்கமும் எழுதுங்க. 1993ல டெல் தாண்ல கிடைச்ச அராமிக் கல்வெட்டுல "தாவீதின் வீடு"ன்னு இருக்கு, ஒன்பதாம் நூற்றாண்டுது. அதே நேரம் மெகிதோ, ஆத்சோர், கேசேர் வாசல்கள் சாலொமோன் கட்டினதுதான்னு தொல்லியல் அறிஞர் யாதின் சொன்னத இன்னொரு தொல்லியல் அறிஞர் ஃபிங்கெல்ஸ்டீன் ஒத்துக்கல, அதோட காலத்த ஒன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளுறாரு, விவாதம் இன்னும் முடியல. ஒரு பக்கத்த மட்டும் எழுதினா மார்க் குறையும்.

குறு வினாவுக்கு கல்வெட்டு கேட்டா எங்க கிடைச்சது, எந்த மொழி, எந்த நூற்றாண்டு, எந்த வேதபகுதியோட சேருது, என்ன விவாதம், இந்த வரிசையில எழுதுங்க. கண்டிப்பா படிக்க வேண்டியது எகிப்து ராஜா மெர்னெப்தாவோட கல்வெட்டு, மேசா, டெல் தாண், கறுப்புத் தூண், சனகெரிப் பட்டயம், சீலோவாம், கெத்தெஃப் ஹின்னோம் வெள்ளித் தகடு. அந்தத் தகடு 1979ல எருசலேம்ல ஒரு கல்லறையில கிடைச்சது, எண்ணாகமம் 6ல இருக்கிற ஆசீர்வாத வார்த்தைகள் அதுல இருக்கு, சவக்கடல் சுருளை விட பல நூறு வருஷம் பழசு.

கடைசி பகுதி, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம முதல் தடவ பிடிச்ச 597ல இருந்து. நேரம் இல்லன்னு நிறைய பேர் இத விட்டுட்டுப் போறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க. 597, 587 ரெண்டையும் கலக்காதீங்க, முதல்ல யோயாக்கீன பாபிலோனுக்குக் கொண்டுபோனாங்க, எசேக்கியேல் போனது அந்தக் கூட்டத்தோட, ரெண்டாவதுதான் யூதாவோட கடைசி ராஜா சிதேக்கியா, ஆலயம் எரிஞ்சது, அப்புறம் பாபிலோன்காரங்க வச்ச அதிபதி கெதலியா கொலை. 2 இராஜாக்கள் முடியுறது யோயாக்கீன சிறையில இருந்து விட்டு ராஜா பந்தியில சாப்பாடு போட்டாங்கங்கிற வசனத்தோட. பாபிலோன்ல நேபுகாத்நேச்சார் அரண்மனையில தோண்டி எடுத்த ரேஷன் பட்டியல்ல யூதா ராஜா யோயாக்கீனுக்கும் அவன் அஞ்சு மகன்களுக்கும் எவ்வளவு எண்ணெய்னு எழுதியிருக்கு. தாவீது வம்சம் தொடரும்னு நம்பிக்கையா முடிக்கிறாங்களா, இல்ல நடந்தத மட்டும் சொல்லி நிறுத்துறாங்களான்னு அறிஞர்களுக்குள்ள கருத்து வேறுபாடு இருக்கு. நோத்துக்கு அது நம்பிக்கை இல்ல, இன்னொரு அறிஞர் ஃபோன் ராடுக்கு அது நம்பிக்கை. நான் ஃபோன் ராட் பக்கம் நின்னு எழுதினேன், நீங்க உங்களுக்கு சரின்னு படுற பக்கம் காரணத்தோட எழுதுங்க.