ஃபிசிக்ஸ் சி-ல இருந்து ஏ-க்கு: கெம்பஸ் விழாவுல ஒரு ஃப்ரீ வேர்க்‌ஷொப்

ஏ.எல் ரிசல்ட்ஸ் வந்து அஞ்சு நாளாகுது, இப்பதான் இருந்து எழுத மனம் வந்திருக்கு. ஃபர்ஸ்ட் ஷைல, அதாவது முதல் தரம் எடுக்கேக்க ஃபிசிக்ஸ் சி, செகண்ட் ஷைல ஏ. மெத்ஸும் கெமிஸ்ட்ரியும் ரெண்டு தரமும் பி, அதுல சொல்ல பெருசா ஒண்டுமில்ல. கோல் எடுக்கிற எல்லாரும் எந்த டியூட்டரி, எந்த சேர் எண்டுதான் கேக்கினம். அதே டியூட்டரி, அதே சேர், அதே நோட்ஸ். எனக்கு திருப்பம் வந்தது கெம்பஸ் ஒண்டுல பொதுமக்களுக்கு எண்டு வச்ச விழாவுல, காசில்லாம நடந்த ஒரு வேர்க்‌ஷொப்லதான்.

முதல் வருசமும் அதே விழாவுக்கு போனனான். ரெண்டு நாள்ல ஏழு பேச்சு கேட்டன். விண்வெளி, பரீட்சை மன அழுத்தம், வேலைவாய்ப்பு, ஞாபகசக்தி எண்டு ஒண்டையும் விடேல்ல. எல்லாத்துக்கும் நோட்ஸ் எழுதி, துண்டுப்பிரசுரம் எல்லாம் ஃபைல்ல அடுக்கி, வெள்ளவத்தைக்கு பஸ்ல வரேக்க பெரிய வேலை ஒண்டு செய்து முடிச்ச மாதிரி ஒரு திருப்தி. அந்த ஃபைலை எக்ஸாம் முடியும்வரைக்கும் ஒருக்கா கூட திறக்கேல்ல. இதைத்தான் நான் செய்த முதல் பிழையா சொல்லுவன், ஏனெண்டா கேக்கிறது படிக்கிற மாதிரியே இருக்கும், களைப்பும் வரும், ஆனா கையில ஒண்டும் மிஞ்சாது.

ரெண்டாவது வருசம் ஒண்டே ஒண்டுக்குத்தான் போனன். ஃபிசிக்ஸ் செயன்முறை வேர்க்‌ஷொப். போகேக்க நானே எழுதின ஸ்ட்ரக்சர் (அமைப்புக் கட்டுரை) விடை ஒண்டையும் கொண்டு போனன், பனிக்கட்டி உருகலின் தன்மறை வெப்பம், அதாவது கலோரிமானில இருக்கிற தண்ணிக்குள்ள ஐஸ் போட்டு அளக்கிற செயன்முறை, பாஸ் பேப்பர் கேள்வி. மார்க்கிங் ஸ்கீமோட ஒத்துப் பாத்து நானே திருத்தினது, என்ர கணக்குல நல்ல மார்க்ஸ். அதுல ஒரு பகுதி, ஐஸை ஒற்றுத்தாளால துடைச்சு போடுறது ஏன் எண்டு. நான் எழுதியிருந்தது, 'பிழை குறையும்'.

அங்க செய்து காட்டிக்கொண்டிருந்தது மூண்டாம் வருச அக்கா ஒராள், தமிழ் ஆள். பேப்பரை வாங்கி வாசிச்சுப்போட்டு கேட்டா, 'எந்த அளவு பிழைக்கும் தம்பி? கடைசில எல், அந்த மறை வெப்பம், கூட வருமா குறைய வருமா?' நான் பேசாம நிண்டன். ரெண்டு வருசம் படிச்ச பிள்ளை, அந்த கேள்விக்கு விடை தெரியாம நிண்டன். அவ அவசரப்படேல்ல. ஈரத்தோட போட்டா ஏற்கனவே உருகின தண்ணியும் ஐஸ் எண்டு நிறுவைல சேரும், உண்மையான ஐஸ் குறைவு, நீ பெரிய திணிவால பிரிக்கிறாய், அப்ப எல் குறைஞ்சு வரும் எண்டு என்னைக் கொண்டே சொல்ல வச்சா.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. மண்டபத்துல ஏசி இல்ல, மத்தியானம், நல்ல புழுக்கம். தண்ணியை அறை வெப்பநிலைக்கு அஞ்சு பாகை மேல தொடங்கி அஞ்சு பாகை கீழ முடிக்கவேணும் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே, சூழலுக்கு போற வெப்பமும் வாற வெப்பமும் சமப்படத்தான். அவவும் அப்பிடித்தான் செய்துகொண்டு வந்தா, முடிவுக்கு கிட்ட வரேக்க கலோரிமானி வெளிப்பக்கம் மெல்லமா வேர்க்கத் தொடங்கிச்சு. கொழும்புக் காத்துல பனிபடுநிலை, அதாவது காத்துல இருக்கிற நீராவி ஒடுங்கத் தொடங்கிற வெப்பநிலை, 24, 25 பாகைக்கு கிட்ட நிக்கும், அறை 30 எண்டா அஞ்சு பாகை கீழ போறதே விளிம்புதான். புத்தகத்துல 'பனிபடுநிலைக்கு கீழ போகக்கூடாது' எண்ட வரியை நூறு தரம் பாடமாக்கியிருக்கிறன், அந்த வேர்வையைத் தொட்டுப் பாத்த பிறகுதான் அது எனக்கு ஃபிசிக்ஸா தெரிஞ்சுது. பனி ஒடுங்கேக்க வெப்பத்தை கலோரிமானிக்கு குடுக்குது, அப்ப வெப்பநிலை விழவேண்டிய அளவு விழாது. கடைசி நிறுவைல அந்தப் பனியும் ஐஸ் திணிவா சேருது. ரெண்டுமே 'எல்'-ஐ ஒரே பக்கம், கீழதான் இழுக்கும்.

வீட்ட வந்து எல்லா செயன்முறைக்கும் அதே கேள்வியை கேட்டன். நீங்களும் இதை மட்டும் செய்யுங்கோ, மிச்சத்தை விட்டாலும் பரவாயில்ல:

- பரிவுக் குழாய்: முனைத் திருத்தத்தை (அலை குழாய் வாயைத் தாண்டி கொஞ்சம் வெளிய நிக்கிற நீளம்) விட்டுட்டு ஒரே நீளத்தால கணிச்சா ஒலி வேகம் குறைஞ்சு வரும். ரெண்டு பரிவு நீளத்தை எடுத்து கழிச்சா திருத்தம் தானா போயிடும். வரைபு எண்டா நீளம் எதிர் 1/f (f அதிர்வெண்), படித்திறன் v/4 (v ஒலி வேகம்), வெட்டுத்துண்டு மறையில வரும், அதுதான் முனைத் திருத்தம்.
- அழுத்தமானி (பொட்டென்ஷியோமீட்டர்): சமநிலைல கலத்துல இருந்து ஓட்டம் எடுக்காது, அதால மி.இ.வி (மின்னியக்க விசை) சரியா வரும். வோல்ட்மானி ஓட்டம் எடுக்கும், அகத்தடைல அழுத்தம் விழும், வாசிப்பு குறைவு.
- 'திருத்தம் கூடும்', 'பிழை குறையும்' எண்டு எழுதுறதை அடியோட விடுங்கோ. எந்தக் கணியம், எந்தப் பக்கம், ஏன். மூண்டும் ஒரு வரிக்குள்ள.

எக்ஸாம்ல மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிசத்தையும் இதுக்குத்தான் செலவழிச்சன். கனபேர் எந்த நாலு எஸ்ஸே செய்யிறது எண்டு தெரிவு செய்யிறதுல அந்த நேரத்தை முடிப்பினம், நான் முதல் ரெண்டு ஸ்ட்ரக்சரையும் வாசிச்சு எது எங்க பிழைக்கும் எண்டு மனசுக்குள்ள ஓட்டினன். எஸ்ஸே தெரிவு எனக்கு எப்பவும் கெதியா வரும், அதால எனக்கு சரிவந்தது. தெரிவுல தடுமாறுற ஆக்கள் யோசிச்சு செய்யுங்கோ.

விழாவுக்கு போற தம்பி தங்கச்சிமாருக்கு இன்னும் கொஞ்சம். பெரிய மண்டபத்து பேச்சுகளை விட சின்ன அறைல நடக்கிற வேர்க்‌ஷொப் மேல், கருவியைத் தொடலாம், ஆளோட கதைக்கலாம். பதிவு தேவையோ எண்டு முதலே பாருங்கோ, இடம் கொஞ்சம்தான் இருக்கும். காலமை முதல் செஷனுக்கே போங்கோ, பின்னேரம் செய்து காட்டுற ஆக்களும் களைச்சிடுவினம். விளக்கம் சிங்களத்துலயோ இங்கிலிஷ்லயோ நடந்தா பின்னுக்கு போய் இருக்காதீங்கோ, முடிஞ்ச பிறகு தமிழ் தெரிஞ்ச ஆள் இருக்கினமோ எண்டு கேளுங்கோ, நான் அப்பிடிக் கேட்டுத்தான் அந்த அக்காவையே கண்டது. பரிவு எண்டா ரெசனன்ஸ், மறை வெப்பம் எண்டா லேட்டன்ட் ஹீட் எண்டு ஒரு பக்கம் எழுதி பொக்கட்ல வச்சிருந்தா இங்கிலிஷ் விளக்கமும் பாதிக்கு மேல பிடிபடும். கெம்பஸ் போனா சயன்ஸ் எல்லாம் இங்கிலிஷ்லதானே, எப்பிடியும் அந்தப் பக்கம் தேவைப்படும்.

வழிகாட்டல் ஸ்டோல் ஒண்டையாவது விடாதீங்கோ. ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசைப்பட்ட என்ர ஃப்ரெண்டுக்கு மொறட்டுவை கெம்பஸ்ல அதுக்கு தனியா உளச்சார்பு பரீட்சை இருக்கு எண்டது அங்கதான் தெரியும். இசட் ஸ்கோர் (கெம்பஸ் அனுமதிக்கு பாக்கிற புள்ளி) மட்டும் காணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவன்.

ஞாபகசக்தி பேச்சுகளுக்கு நான் இனி போகமாட்டன். சிலருக்கு உதவியிருக்கலாம், எனக்கு அங்க இருந்த ரெண்டு மணித்தியாலமும் வீண்தான்.

கெம்பஸ் அனுமதிக்கான கட் ஓஃப் புள்ளி இன்னும் வரேல்ல, கொழும்பு டிஸ்ட்ரிக்ட்ல இந்த ரிசல்ட்டுக்கு எது கிடைக்கும் எண்டு வீட்ல ஆளுக்கொரு கதை. தம்பி அடுத்த வருசம் எடுக்கிறான். நேத்து அவன்ர ஸ்ட்ரக்சர் பேப்பரை எடுத்துப் பாத்தன், ஐஸ் கேள்விக்கு அதே ரெண்டு சொல்லைத்தான் அவனும் எழுதி வச்சிருக்கிறான். நான் திருத்தேல்ல. விழாவுக்கு போகேக்க அப்பிடியே கொண்டு போகட்டும்.